ரிசல்ட் வந்த மறுநாள் காலை

நர்சிங் படிப்பில் மதிப்பெண் குறைந்து மனம் உடைந்து நிற்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்

மாலை ஆறு மணிக்கு வைட்டிலா ஹப்பில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஒரு பக்கம் திருச்சூருக்கும் கோட்டயத்துக்கும் கிளம்பும் பஸ்கள். தலைக்கு மேலே மெட்ரோ. பின்புறம் காயலோரத்தில் காக்கநாட்டுக்குப் புறப்படும் வாட்டர் மெட்ரோ படகு. கொச்சியில் வேலை பார்ப்பவர்களிலும் படிப்பவர்களிலும் பலர் இங்கே இறங்கி மாறித்தான் வீடு போய்ச் சேர்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் நர்சிங் மாணவிகளைத் தனியாகக் கண்டுகொள்ளலாம். இறுக்கி முடிந்த கொண்டை. மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு. பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ரெக்கார்டு நோட்டு. அப்படி ஒரு பெண் தூணோரம் நின்று தமிழில் போன் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"இல்லம்மா... அனாட்டமி போயிருச்சு."

மறுமுனையில் பேச்சு நீள்கிறது.

"எல்லாரும்தாம்மா படிச்சோம்... இல்ல, அழல... பஸ் வந்துருச்சு, வைக்கிறேன்."

பஸ் எதுவும் வரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்கிறாள். இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளையாக இருந்தால் நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அறையில் படுத்துக் கிடக்கலாம். இவளுக்கு அது முடியாது. நாளைக் காலை ஏழரை மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்து, "ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்க வேண்டும். அவள் தூங்கினாளா என்று கேட்க அங்கே யாரும் இருப்பார்களா?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தொண்ணூறுகள் கூடும் வகுப்பு

பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டரில் விழும் அடி, படிக்காத பிள்ளைக்கு விழும் அடி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. அந்த வகுப்பில் வந்து உட்காரும் ஒவ்வொருவரும் அவரவர் பள்ளியில் முதல் வரிசைக்காரர்கள். அறுபது முதலிடங்கள் ஓர் அறையில் கூடினால், அவர்களில் முப்பது பேர் வகுப்பின் பின்பாதியில்தான் நிற்க முடியும். அவர்கள் யாரும் நேற்றுவரை அப்படி நின்றவர்கள் இல்லை. அந்த இடத்தில் நிற்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

அடுத்தது மொழி. தமிழ்வழியில் படித்து வந்த பெண்ணுக்கு 'காறையெலும்பு' தெரியும், 'தொடையெலும்பு' தெரியும். கல்லூரியில் அவை 'க்ளாவிக்கிள்', 'ஃபீமர்' என்று வருகின்றன. அதே எலும்புதான், பெயர் மட்டும் புதிது. முதல் செமஸ்டரிலேயே அனாட்டமி, பிசியாலஜி, சோஷியாலஜி, சைக்காலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன், கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்று எல்லாம் சேர்ந்து வருகின்றன. பொருளைப் புரிந்துகொள்வது ஒரு வேலை, பெயரை மனப்பாடம் செய்வது இன்னொரு வேலை, அதை ஆங்கில வாக்கியமாக எழுதுவது மூன்றாவது வேலை. ஆங்கிலவழியில் படித்த தோழிக்கு இதில் ஒன்றுதான் மிச்சம். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவது ஒரே மூன்று மணி நேரத்தில்.

கேரளத்துக்குப் படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைக்கு இன்னும் ஒரு படி கூடுதல். வார்டில் ஒரு பாட்டி "பனியாணு மோளே" என்கிறார். தமிழ்க் காதுக்குப் பனி என்றால் மார்கழிக் காலை. மலையாளத்தில் அது காய்ச்சல். கேஸ் எடுக்கப் போன இடத்தில், முதல் வாரம் முழுக்க இப்படி ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்பது உண்மை. பழகுவதற்குள் முதல் செஷனல் பரீட்சை வந்துவிடுகிறது என்பதும் உண்மை.

இவற்றுக்கு நடுவே காலையில் போஸ்டிங், பிற்பகலில் வகுப்பு, இரவில் ரெக்கார்டு, கேர் பிளான், அசைன்மென்ட். படிப்பதற்கு மிஞ்சுவது கண் சொருகும் நேரம். ஆகவே, முதல் வருடத்தில் மதிப்பெண் சரிந்தால் அதை அறிவுக் குறைவின் அடையாளமாகப் பார்ப்பது தவறு. பெரும்பாலும் அது ஒரு பிள்ளை எத்தனை மாற்றங்களை ஒரே நேரத்தில் சுமக்கிறது என்பதன் அடையாளம்.

சப்ளி என்றாலும் அரியர் என்றாலும்

தமிழ்நாட்டில் 'அரியர்', கேரளத்தில் 'சப்ளி'. இரண்டு சொல்லுக்கும் ஹாஸ்டல் அறையில் ஒரே கனம். அந்தக் கனத்தில் பாதி பயம், மீதிப் பாதி விதி தெரியாமை. விதியைத் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் இறங்கும்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில் படிப்பு எட்டு செமஸ்டர். நர்சிங் பாடங்களில் தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்துக்கும் விருப்பப் பாடங்களுக்கும் 40 போதும். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கைக்கு வருமுன் செய்முறைப் பயிற்சியில் ஒவ்வொரு பிரிவிலும் 100 சதவீத வருகையை நிறைவு செய்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க அதிகபட்சம் 8 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஒரு தாளில் விழுந்ததனால் மட்டும் அடுத்த செமஸ்டர் வகுப்பின் கதவு சாத்தப்படுவதில்லை. குறிப்பிட்ட கட்டங்களுக்குள் பாக்கித் தாள்களை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இந்த மதிப்பெண்ணைப் பிறகு யார் கேட்கிறார்கள்? எம்.எஸ்சி. நர்சிங் சேர வேண்டுமானால் பி.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும். ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் அந்த எண்ணைக் கண்ணில் வைத்தே படிக்க வேண்டும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மற்ற பெரிய வாசல்கள் வேறு சாவி கேட்கின்றன. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான 'நார்செட்' ஒரு தனிப் போட்டித் தேர்வு. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் 7,243 நர்ஸ் பணியிடங்களுக்கு எழுத்துத் தேர்வுதான் வைத்தது. அமெரிக்கா போக எழுதும் 'என்க்ளெக்ஸ்' தேர்வில் மதிப்பெண் என்ற ஒன்றே கிடையாது. கணினி 85 முதல் 150 கேள்விகள் வரை கேட்கும். முடிவு இரண்டே சொல்: தேர்ச்சி, அல்லது தேர்ச்சி இல்லை. தேறாதவர் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஜெர்மனிக்குப் போகிறவர்களிடம் ஜெர்மன் மொழி கேட்கிறார்கள். கொச்சியில் திரும்பிய பக்கமெல்லாம் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்கும் ஜெர்மன் மொழிக்குமான வகுப்பு விளம்பரப் பலகைகள் தொங்குவது இதனால்தான். முதல் செமஸ்டர் அனாட்டமியில் எத்தனை என்று அந்தப் பலகைகள் எதுவும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் நர்ஸ்களின் எண்ணிக்கை 2 கோடியே 98 லட்சம். இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்படுகிறார்கள். ஒரு சப்ளிக்காகப் படிப்பையே விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பற்றாக்குறையில் ஒன்றைக் கூட்டுகிறது.

நிமிடத்துக்கு 42 சொட்டு

இத்தனையும் சொன்ன பிறகு, "மார்க்கெல்லாம் ஒன்றுமே இல்லை, விடு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. அந்த ஆறுதல் மற்ற படிப்புகளில் செல்லலாம். நர்சிங்கில் செல்லாது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம்.

500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கையில் இருக்கும் டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.66, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. மாணவி ஸ்டாண்டுக்கு அருகில் நின்று, கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளையும் சொட்டு விழும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் ரோலரை மெல்ல நகர்த்தி அந்த 42-க்குக் கொண்டுவருகிறாள். நர்சிங்கின் அழகெல்லாம் கூடி நிற்கும் ஒரு நிமிடம் அது.

இப்போது, செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை அவள் பார்க்கவில்லை என்று வையுங்கள். அது ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட். அதே 42 சொட்டில் விட்டால், நான்கு மணி நேரத்தில் உடம்பில் ஏற வேண்டியது ஏறி முடிய ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரமாகும். பரீட்சைத் தாளில் இந்தத் தவறுக்கு இரண்டு மார்க் போகும். படுக்கையில் கிடப்பவருக்கு என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பரீட்சைத் தாளில் தவறிய கணக்கு, வார்டில் தவறாமல் இருப்பதற்காகக் கிடைத்த எச்சரிக்கை. யாருக்கும் தீங்கு வராத இடத்தில் அந்தத் தவறு வெளிப்பட்டது நல்லதே.

காய்ச்சல் சார்ட்டைப் பாருங்கள். 102 டிகிரி என்று குறித்த நர்ஸ் நோயாளியைத் திட்டுவதில்லை. சார்ட்டைக் கிழித்துப் போடுவதும் இல்லை. குறிக்கிறாள், சொல்ல வேண்டியவரிடம் சொல்கிறாள், செய்ய வேண்டியதைச் செய்கிறாள், சற்று நேரம் கழித்து மறுபடி பார்க்கிறாள். மதிப்பெண் பட்டியலும் அப்படி ஒரு ரீடிங். ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் எடுத்தது. அதை மறுப்பதும் தவறு. அதுவே நான் என்று நம்பிவிடுவதும் தவறு.

இந்தத் தொழிலுக்கு வழி போட்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எண்களை அப்படித்தான் கையாண்டார். கிரிமியப் போரில் இறந்த வீரர்களின் கணக்கை எடுத்து, 1858-ல் வட்ட வரைபடங்களாக வெளியிட்டார். குண்டடியில் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களில் இறந்தவர்களே அதிகம் என்பதை அந்தப் படங்கள் காட்டின. எங்கே சீர்செய்ய வேண்டும் என்று கேட்கவே அவர் எண்களைப் பார்த்தார். அவர் வழி வந்த மாணவிகள் தங்கள் எண்ணையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

உங்களுக்கே ஒரு கேர் பிளான்

தங்கைகளே, இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, முதல் ராத்திரி அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் சாப்பிடாமல் படுக்காதீர்கள். படிப்பை விடுவதா, மறுமதிப்பீட்டுக்குப் போடுவதா என்ற முடிவு எதையும் அந்த ராத்திரியில் எடுக்காதீர்கள். வாட்ஸப் குரூப்பில் யார் யாருக்கு எவ்வளவு என்று ஓடும் பட்டியலைக் காலைவரை திறக்காதீர்கள். தூக்கமே வரவில்லை என்றால், காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் "மேடம், நேத்து நான் தூங்கல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மருந்து கொடுக்கும் வேலையில் அன்று உங்களுக்குக் கூடுதல் கண் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நல்ல நர்ஸின் லட்சணம்.

மறுநாள் மாலை ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். வாரா வாரம் நோயாளிக்கு எழுதுகிறீர்களே, அதே ஐந்து கட்டக் கேர் பிளானை உங்களுக்கு எழுதுங்கள்.

முதல் கட்டம் அசெஸ்மென்ட். நோயாளி சொல்வது ஒரு பக்கம், நாம் அளந்து பார்ப்பது இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதத்தானே கற்றுக்கொடுத்தார்கள்? "என்னால முடியாது" என்பது நீங்கள் சொல்வது. அனாட்டமியில் 41, அதில் இரண்டு பெரிய கேள்விகள் எழுதவே இல்லை என்பது அளந்தது. இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றின் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது டயக்னோசிஸ். 'நான் மக்கு' என்பது டயக்னோசிஸ் ஆகாது. அப்படி எழுதிக்கொண்டு போனால் உங்கள் டியூட்டர் நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். சிக்கல், காரணம், சான்று மூன்றும் வேண்டும். 'பெரிய கேள்விக்கு நேரம் போதவில்லை. காரணம், ஆங்கிலத்தில் எழுதிப் பழகாதது. சான்று, கடைசி இரண்டு விடைகள் காலி.' இப்படி எழுதிய உடனே கண்ணீர் வேலையாக மாறத் தொடங்குகிறது.

மூன்றாவது பிளானிங். 'அடுத்த முறை டிஸ்டிங்ஷன்' என்பது ஆசை. 'தினமும் இருபது நிமிடம், ஒரு விடை, கடிகாரம் வைத்து எழுதுவேன்; அடுத்த செஷனலுக்குள் இருபது விடை' என்பது திட்டம்.

நான்காவது இம்ப்ளிமென்டேஷன். வார்டில் படுத்திருக்கும் நோயாளி தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்வதில்லை. சீனியர் சேச்சியிடம் போய் அவர் சப்ளி எழுதி எப்படி வந்தார் என்று கேளுங்கள். பலருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். டியூட்டரிடம் விடைத்தாளைப் பற்றிப் பேசுங்கள். படித்ததை அன்றைய நோயாளியோடு சேர்த்துப் பாருங்கள். தொடையெலும்பு முறிந்து கிடக்கும் பாட்டியைக் கவனித்துக்கொண்டவளுக்கு 'ஃபீமர்' அதன் பிறகு மறக்காது.

ஐந்தாவது எவாலுவேஷன். இரண்டு வாரம் கழித்துத் தாளைத் திறந்து பாருங்கள். திட்டம் நடக்கவில்லை என்றால் திட்டத்தை மாற்றுங்கள். உங்களைத் திட்டாதீர்கள்.

வீட்டிலிருந்து வரும் போன்

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. நகையை அடகு வைத்து, வங்கியில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள். "இவ்வளவு செலவு பண்ணி அனுப்பினோமே" என்று வாயில் வருவது இயல்பு. ஆனால் அந்தச் செலவின் கணக்கு பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஹாஸ்டலில் ஒரு டீக்கு யோசிக்கும்போதெல்லாம் அதைப் போட்டுப் பார்க்கிறவள் அவள்.

மதிப்பெண் குறைந்த பிள்ளை வீட்டுக்குப் போன் செய்கிறது என்றால், இன்னும் அது உங்களை நம்புகிறது என்று அர்த்தம். போன் செய்வதை நிறுத்திய பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, தோழிகளிடமிருந்து ஒதுங்குவது, "நான் இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு, தன் பொருளை யாருக்காவது எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். அப்போது அறிவுரை சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. பஸ் ஏறி நேரில் போய்விட வேண்டும்.

கல்லூரியின் பங்கு

பிள்ளையும் வீடும் மட்டும் சுமக்க வேண்டிய பாரம் அல்ல இது. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் தற்கொலையால் நாம் இழந்த மாணவர்கள் 13,044 பேர். அவர்களில் தேர்வுத் தோல்வியால் இறந்ததாகப் பதிவானவர்கள் மட்டும் 2,248 பேர் என்பதை 2025 ஜூலை 25-ல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வழிகாட்டுகிறது. நர்சிங் கல்லூரிகளும் இதில் அடக்கம். உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார், எந்த அறை, எந்த நேரம் என்று கேட்க ஒவ்வொரு மாணவிக்கும் உரிமை உண்டு.

விதியைக் கொஞ்சம் மாற்றினாலே உயிர்கள் தப்பும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. ஒரு காலத்தில் பள்ளிப் பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் விழுந்தாலும் ஓர் ஆண்டு போய்விடும். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' போன்ற அமைப்புகள் விடாமல் வலியுறுத்தின. ஆண்டை இழக்காமல் உடனடியாக மறுதேர்வு எழுதும் வழி பிறந்தது. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையிலான தூரம் குறைந்தது. நம்பிக்கை நிற்பது அந்தத் தூரத்தில்தான்.

கல்லூரிகள் செய்யக் கூடியவை செலவில்லாத காரியங்கள். மதிப்பெண்ணைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டாமல், அவரவரிடம் தனியாகக் கொடுக்கலாம். வார்டில், நோயாளி முன்னால் வைத்து ஒரு மாணவியின் மதிப்பெண்ணைப் பேசாமல் இருக்கலாம். ரிசல்ட் வரும் வாரத்தில் சப்ளிக்கான வகுப்பு அட்டவணையையும் சேர்த்தே அறிவிக்கலாம். விழுந்த செய்தியோடு எழும் வழியும் ஒரே தாளில் வரட்டும்.

மனம் தாங்காத நேரத்தில் பேச ஆள் இருக்கிறார்கள். நாடு முழுவதும் 'டெலி மானஸ்' எண் 14416, தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 'திஷா' 1056. தமிழ்நாட்டில் 104. சென்னை 'சிநேகா' 044-24640050. இந்த எண்களை ஹாஸ்டல் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

வைட்டிலாவில் தூணோரம் நின்ற அந்தப் பெண்ணின் பஸ் கடைசியில் வந்தது. ஏறி, ஜன்னலோர இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்து மடியில் விரித்தாள். நாளைய கேஸ் பாக்கி இருக்கிறது போலும்.

அவளைப் போன்ற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவு மறுபடியும் ஒரு போன் போடுங்கள். அனாட்டமியைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். காலை ஏழரை மணிக்கு அவளுக்காக வார்டில் ஒருவர் காத்திருக்கிறார். அவரிடம் போய் நிற்கும்போது அவள் சாப்பிட்டிருக்க வேண்டும், தூங்கியிருக்க வேண்டும். "சாப்பிட்டியாம்மா?" என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.